வேர்க்கடலை ஒவ்வாமையுள்ள மகனோடு நான்கு இரவுக் கப்பல் பயணம்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பினோம். மகனுக்கு ஏழு வயது. வேர்க்கடலை கொஞ்சம் உள்ளே போனாலே உதடு வீங்கிவிடும்.

முன்பதிவுப் படிவத்தில் இதைத் தெளிவாக எழுதியிருந்தேன். ஆனால் சமையலறைக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. ஏறியவுடனே உணவக மேலாளரைத் தேடிப்பிடித்துச் சொன்னதால் தப்பித்தோம். அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு இரவும் மறுநாள் மெனுவை மேசைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். நாங்கள் சொன்னதைத் தனிப் பாத்திரத்தில் சமைத்து, மூடிய தட்டில், அவன் பெயர் எழுதிய சீட்டோடு கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகளை அவன் சட்டைப்பையில் சேர்த்துவைத்துக்கொண்டான்.

பஃபே மட்டும் வேண்டவே வேண்டாம். சாத்தே என்ற சுட்ட இறைச்சிக் குச்சிகளுக்குப் பக்கத்தில் வேர்க்கடலைச் சாஸ். அதில் கிடந்த கரண்டியை ஒருவர் எடுத்து அப்படியே நூடுல்ஸில் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். நூடுல்ஸ் தட்டின் முன்னால் 'கடலை இல்லை' என்ற அட்டை நின்றுகொண்டிருந்தது. அன்றோடு அந்தப் பக்கமே போகவில்லை.

ஒவ்வாமை கடுமையானால் உடனே போடும் ஊசியான எபிபென் இரண்டும் எப்போதும் என் தோள்பையில்தான் இருந்தன. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எங்கள் அறைக்கு நடக்கவே எட்டு நிமிடம் ஆகும். அவசரத்துக்கு ஓடிப்போய் எடுக்க முடியாது.

பினாங்கில் இறங்கி, லிட்டில் இந்தியாவில் இட்லி சாப்பிட்டோம். "அண்ணே, சட்னிக்குப் பொட்டுக்கடலையா, வேர்க்கடலையா?" என்று தமிழிலேயே கேட்டேன். அவர் உள்ளே போய், அரைக்கும் டப்பாவையே எடுத்துவந்து காட்டினார். பொட்டுக்கடலை. மகன் நான்கு இட்லி சாப்பிட்டான்.