குன்னூர்க் குளிருக்கு கேஸ் கீசரா, கரண்ட் கீசரா?

போன வாரம் மச்சான் போன் பண்ணினான். கோயம்புத்தூரிலிருந்து வெலிங்டனுக்கு வீடு மாறுகிறானாம், குளியலறைக்குச் சிலிண்டரில் ஓடும் கீசர் போடுவதா, கரண்ட் கீசரே போதுமா என்று கேட்டான். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்லி முடித்தேன். மீதியையும் சேர்த்து எழுதிவைத்துவிட்டால் இன்னும் நாலு பேருக்கு ஆகும்.

நான் கேஸ் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் 25 லிட்டர் கரண்ட் கீசர் இருந்தது, கடந்த இரண்டு குளிர்காலமாக 14.2 கிலோ சிலிண்டரில் ஓடும் கேஸ் கீசர். மாற்றியதற்கு வருத்தமில்லை, ஆனால் மாற்றும்போது நான் போட்ட கணக்கில் பாதி தப்பு.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாங்கும் விலை கேஸில் குறைவு. கேஸ் கீசர் குழாயைத் திறந்ததும் சூடாக்கும், ஆள் மாற்றி ஆள் குளித்தாலும் தீராது. கரண்ட் கீசரில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், 2 கிலோவாட் காயிலுக்கு 25 லிட்டர் ஜில் தண்ணீரைக் கொதிப்பாக்க நாற்பது நிமிடமாவது ஆகும். அதுவும் வோல்டேஜ் சரியாக இருந்தால். காலை ஆறு மணிக்கு ஊரே கீசரைப் போடும்போது எங்கள் தெருவில் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், 180-இல் அந்தக் காயில் அறுபது சதவீத வேலைதான் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் லைன்மேல் விழுந்தால் அதுவும் இல்லை. கேஸ் கீசருக்குக் கரண்டே வேண்டாம், பொறி தட்ட இரண்டு பெரிய பேட்டரி செல் போதும், மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறவரை ஓடும். சோலார் மஞ்சுமூட்டத்தில் எங்களுக்கு உதவாது என்பதால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

சரி, உண்மையான கேள்வி இதெல்லாம் இல்லை. ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்? இதைக் கடையில் கேட்டால் "மூணு மாசம் தாராளமா வரும் சார்" என்பார்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை பேர் குளித்து என்று யாரும் சொல்வதில்லை.

அதனால் நானே எடை போட ஆரம்பித்தேன். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்குகிற பட்டையில் வெறும் சிலிண்டரின் எடை எழுதியிருக்கும், என்னுடையது 15.8 கிலோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, மனைவி உடம்பு எடை பார்க்கும் மெஷினில் சிலிண்டரை ஏற்றி, காட்டுவதில் 15.8-ஐக் கழித்தால் மிச்சம் எவ்வளவு கேஸ் என்று தெரிந்துவிடும். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். பால் கணக்கு எழுதும் இடத்தில் இது என்ன புது நம்பர் என்று அம்மா திட்டினாள். (அதே பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் 'சி-27' மாதிரி ஒரு குறி இருக்கும். 2027-இன் மூன்றாவது காலாண்டுக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். வாங்கும்போதே பாருங்கள், தேதி கடந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.)

ஜனவரியில் வாரத்துக்கு 2.3 கிலோ தீர்ந்தது. நாலு பேர், தினம் ஒரு குளியல், ஆக ஒரு குளியலுக்கு 80 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மே மாதம் அதே நாலு பேருக்கு வாரம் 1.4 கிலோதான். வேறொன்றுமில்லை, குழாயில் வரும் தண்ணீர் ஜனவரியில் ஐஸ் மாதிரி, மே மாதம் அப்படியில்லை. சிலிண்டர் கணக்கில் சொன்னால் வெயிலில் பத்து வாரம், குளிரில் ஆறு வாரம். அந்த ஆறிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

இப்போது பணம். சிலிண்டர் விலை மாறிக்கொண்டே இருக்கும், கணக்குக்காக 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்து இரண்டு மாதத்துக்கு இருபது கிலோ அளவுக்குத் தீர்கிறது, அதாவது 1,250 ரூபாய். அதே குளியலைக் கரண்டில் குளித்தால் இரண்டு மாத பில்லில் 200 யூனிட்டுக்கு மேல் கூடும். அந்த 200 யூனிட்டுக்கு என்ன விலை என்பது உங்கள் வீட்டில் மற்றபடி எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

நம்மூர் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், அது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் என்ன ஆகும்? தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, 500-ஐத் தாண்டியவருக்கு அட்டவணையே வேறு, கீழே இருக்கிற 101 முதல் 200 வரைக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார், மகன் ராத்திரி முழுக்க ஓட்டும் கம்ப்யூட்டர் எல்லாமாகக் கீசர் இல்லாமலே 340 வரும். கீசரைச் சேர்த்தால் 550. அந்த ஒரு பில்லில் வித்தியாசம் 1,600 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. கேஸ் 1,250. எனக்கு லாபம்.

ஆனால் உங்கள் வீட்டில் கீசர் இல்லாமல் 250 யூனிட்தான் ஓடுகிறது என்றால், கீசரைச் சேர்த்தும் 500-க்குள்ளேயே நிற்பீர்கள். அப்போது கரண்ட்தான் மலிவு. பெரிய வித்தியாசம் இல்லை, நூறு ரூபாய் அப்படி இப்படி, ஆனாலும் மலிவு மலிவுதான். மச்சானிடம் நான் முதலில் கேட்டதே பழைய வீட்டு ஈபி அட்டையைத்தான். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றான், இன்னும் சொல்லவில்லை. ஆகவே கேஸ் கீசர் போட்டால் காசு மிச்சம் என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், அவர் வீட்டு பில் 500-க்கு மேலா கீழா என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

இனி அந்த வில்லங்கம். முதல் டிசம்பரில், சிலிண்டர் மாட்டி ஐந்து வாரம்கூட ஆகவில்லை, மூன்றாவதாகக் குளிக்கப் போன மகள் "அப்பா, தண்ணி வெதுவெதுன்னுதான் வருது" என்று கத்தினாள். போய்ப் பார்த்தால் கீசருக்குள் தீ குட்டையாக எரிகிறது. சிலிண்டரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஜில்லென்று இருந்தது, அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு வியர்த்திருந்தது. காலி என்று முடிவு கட்டி அடுத்ததற்குச் சொல்லிவிட்டேன். சிலிண்டர் கொண்டுவந்த அண்ணன் எங்கள் வீட்டு அறுபத்திரண்டு படி ஏறிவந்து, எடுத்துப்போக வேண்டிய சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது காலி இல்ல. அடுப்புல மாட்டுங்க, எரியும்."

மாட்டினோம், ஒன்பது நாள் எரிந்தது.

காரணம் எளிது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம், அது ஆவியானால்தான் கேஸ். ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை அது சிலிண்டரின் இரும்பிலிருந்தும் தன்னிடமிருந்தும்தான் எடுக்கும். அடுப்பு ஒரு மணி நேரத்துக்கு நூற்றைம்பது, இருநூறு கிராம் இழுக்கும், அதைக் கொடுக்கச் சிலிண்டர் சிரமப்படாது. ஆறு லிட்டர் கீசரோ மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. நிறையத் திரவம் இருக்கும்போது ஒரு குளியலுக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் குளிரும். அடியில் இரண்டு கிலோ மட்டும் கிடக்கும்போது, நாலு பேர் வரிசையாகக் குளித்தால், ஏற்கெனவே எட்டுப் பத்து டிகிரியில் நிற்கிற சிலிண்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடும். நம்மூர் எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும், அதனால் முதலில் அதிகமாக ஓடிவிடும். கடைசியில் தங்குவதில் பெரும்பங்கு பியூட்டேன், அது பூஜ்யத்தை ஒட்டி ஆவியாவதை நிறுத்திக்கொள்ளும். கேஸ் இருக்கும், ஆனால் வெளியே வராது.

அதனால் இப்போது எங்கள் வீட்டுப் பழக்கம் இதுதான்: புதுச் சிலிண்டர் எப்போதும் கீசருக்கு. எடை மெஷினில் மிச்சம் இரண்டு கிலோவுக்கு வந்ததும் அது சமையலறைக்குப் போகும், கடைசித் துளிவரை அடுப்பு குடித்துவிடும். குளிர் மாதங்களில் மட்டும்தான் இந்தக் கூத்து, ஏப்ரலில் கீசரிலேயே காலியாகிறது. அடியில் சுடுதண்ணீர் ஊற்றுவது, சிலிண்டரைப் படுக்கப்போட்டு ஓட்டுவது, இரண்டையும் இந்த மலையில் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டாம். படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போனால் தீ எந்த உயரத்துக்கு எழும் என்று சொல்ல முடியாது. 5 கிலோ குட்டிச் சிலிண்டரில் கீசர் ஓட்டலாமா என்றும் மச்சான் கேட்டான். ஓடும், ஆனால் இரும்பும் திரவமும் குறைவு, இதே தொல்லை இன்னும் சீக்கிரம் வரும். பிளாஸ்டிக் மாதிரி இருக்கிற கம்போசிட் சிலிண்டரை நான் தொட்டுப் பார்த்ததோடு சரி, அதில் குளிர்காலம் எப்படிப் போகும் என்று ஓட்டியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு சிலிண்டர் இணைப்பு இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் ஒன்று கீசருக்கு, ஒன்று அடுப்புக்கு என்று ஆகிவிடுவதால் கைவசம் உபரி இருக்காது, புக்கிங்கைக் கொஞ்சம் முன்னாலேயே செய்ய வேண்டும். ஒரே சிலிண்டரில் டி போட்டு ரப்பர் டியூபை இரண்டாகப் பிரித்து அடுப்புக்கும் கீசருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு பிளம்பர் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன்.

கீசர் எங்கே மாட்டுவது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. குளியலறைக்கு வெளியே. எங்களுடையது கொல்லைப்புறச் சுவரில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது, சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே போகிறது. குழாய் நீளமானதால் முதல் அரை வாளி ஜில்லென்று வருகிறது, அதைத் துணி ஊறவைக்க எடுத்துக்கொள்கிறோம். உள்ளே மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் வீட்டில் பார்த்தேன். குளிர் என்று ஜன்னலை அட்டையால் அடைத்துவிட்டுக் குளித்த கல்லூரிப் பையன் உள்ளேயே விழுந்து கிடந்தான், கதவை உடைத்துத் தூக்கினார்கள், பிழைத்துவிட்டான். கேஸ் கசிந்தால் நாறும், அதற்கென்றே நாற்றம் கலந்து வைத்திருக்கிறார்கள். காற்றுப் போதாமல் எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றம் கிடையாது. வெளியே மாட்ட வழியில்லாத ஃப்ளாட் என்றால் கரண்ட் கீசர்தான், யூனிட் கணக்கே பார்க்காதீர்கள். மலை வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கும். சிலிண்டர் நிற்கிற இடத்துக்கு அடுத்த படியில் கீழ்வீட்டு ஜன்னல் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

பராமரிப்பில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. கரண்ட் கீசரில் ஒன்பது வருடத்தில் ஒரு தெர்மோஸ்டாட், ஒரு காயில் மாற்றினேன், அவ்வளவுதான். கேஸ் கீசரில் எட்டு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி, மழைக்காலத்தில் தண்ணீர் நுழையும் இடத்து வலையில் சேறு, ஒருமுறை பர்னருக்குள் குளவிக்கூடு. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்து மேலே கரி படிந்ததால்தான் கூட்டைக் கண்டுபிடித்தோம். மஞ்சள் தீயைப் பார்த்தால் அன்றைக்கே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள், வெளியே வெயிலிலும் மழையிலும் கிடக்கிற டியூப் அத்தனை நாள் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம், மூன்றாவது வருடமே மாற்றிவிடுவேன். கீசருக்குள்ளே, தண்ணீர் அழுத்தத்தில் நகர்ந்து கேஸைத் திறந்துவிடும் ரப்பர் தகடு (டயாப்ரம்) எத்தனை வருடம் உழைக்கும் என்று இரண்டு வருட அனுபவத்தில் சொல்ல முடியவில்லை.

பழைய கரண்ட் கீசரை விற்கவில்லை. பழைய சாமான்காரர் முந்நூறு ரூபாய்க்குக் கேட்டார், மனசு வரவில்லை. மாடிக் குளியலறையில் மாட்டியிருக்கிறேன், மாமியார் வந்தால் அதில்தான் குளிப்பார், சிலிண்டர் வைத்துச் சுடவைத்த தண்ணீர் அவருக்கு ஆகாதாம். அவர் வந்து தங்கிய மார்கழியில் பில் 430, 500-க்கு இன்னும் 70 யூனிட் கையில் இருந்தது.