குங்குமப்பூ டப்பாவில் க்யூஆர் கோடு இருக்கிறதே என்று நம்பி வாங்காதீர்கள்

மாசமாக இருக்கும் தங்கைக்குப் பாலில் போட்டுக் கொடுக்க ஆன்லைனில் காஷ்மீர் குங்குமப்பூ வாங்கினோம். ஒரு கிராம் டப்பா இரண்டு. "ஜிஐ முத்திரை பெற்றது, ஸ்கேன் செய்து சரிபார்க்கவும்" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஜிஐ என்றால் விளைந்த இடத்தைக் குறிக்கும் புவிசார் குறியீடு. ஸ்கேன் செய்ததும் ஆய்வக அறிக்கை ஒன்று திறந்தது.

அதைப் பெரிதாக்கிப் படித்தபோதுதான் சந்தேகம் தட்டியது. டப்பாவில் 2024 அறுவடை. அறிக்கையின் தேதியோ 2021. இரண்டு டப்பாவிலும் பேட்ச் எண் வேறு, க்யூஆர் கோடு மட்டும் ஒன்றேதான். அது திறந்த பக்கமும் விற்றவரின் சொந்த இணையதளம்தான்!

நாலு இழையைத் தண்ணீரில் போட்டேன். போட்ட கையோடு சிவப்பு பரவியது, கொஞ்ச நேரத்தில் இழை வெளுத்துவிட்டது. நல்ல குங்குமப்பூ மெதுவாக மஞ்சள் விடும், இழை சிவப்பாகவே கிடக்கும், ஒரு முனை எக்காளம் போல விரிந்திருக்கும். இதில் இரண்டு முனையும் ஒரே மாதிரி. கர்ப்பிணி சாப்பிடும் பொருளில் சாயத்தைக் கலக்கிறார்களே என்று வயிறு எரிகிறது.

விற்றவரைக் கேட்டால், "ஸ்கேன் பண்ணினா வருதில்ல மேடம், அப்புறம் என்ன?" என்கிறார்.

ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூ வேண்டும், அதனால்தான் விலை அதிகம். போலிக்குக் காரணமே அந்த விலைதான். காஷ்மீர் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-இல். காஷ்மீரில் உள்ள பாம்பூரில் இதற்கென்றே உள்ள மையத்தில் நிறம், கசப்பு, மணம் மூன்றையும் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஐஎஸ்ஓ 3632 என்ற சர்வதேசத் தர அளவுகோலும் இந்த மூன்றையும்தான் அளக்கிறது. "டிஎன்ஏ சோதனை செய்த காஷ்மீர் பூ" என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். மக்காச்சோள நாரோ குசும்பாப் பூவோ கலந்திருந்தால் டிஎன்ஏ காட்டிக்கொடுக்கும். ஆனால் குங்குமப்பூ விதையில்லாமல் கிழங்கிலிருந்தே பெருகும் செடி, அதனால் எங்கே விளைந்தாலும் மரபணு ஏறக்குறைய ஒன்றுதான். ஈரான் பூவையும் காஷ்மீர் பூவையும் மரபணுவை வைத்துப் பிரிப்பது கடினம். விளைந்த மண்ணைக் கண்டுபிடிக்க ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் விகிதத்தை அளக்கும் ஐசோடோப்பு சோதனைக்குத்தான் போக வேண்டும்.

வாங்குமுன் பாருங்கள்: ஒவ்வொரு டப்பாவுக்கும் தனி எண் இருக்கிறதா, க்யூஆர் கோடு யாருடைய தளத்துக்குப் போகிறது, அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் டப்பாவில் உள்ளதும் ஒன்றா. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிம எண் 14 இலக்கம், அதையும் தேடிப் பாருங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. இதே டப்பா உங்கள் வீட்டில் இருந்தால் பாலில் போடாதீர்கள். அட்டையையும் பில்லையும் தூக்கிப் போடாமல் நீங்களும் புகார் கொடுங்கள்.