ஈகோபீ3 லைட் தெர்மோஸ்டாட்: நான்கு வயர் மட்டுமே உள்ள பழைய வீட்டுக்கு ஏற்றதா?

டொராண்டோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய வீடுகளை வாங்கிக் குடியேறும் நம்மவர்கள் முதலில் மாற்ற நினைக்கும் பொருள்களில் கூடத்துச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் ஒன்று. கைப்பேசியிலிருந்தே வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம், ஆள் இல்லாத நேரத்தில் எரிவாயுவை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தோடு கடைக்குப் போகிறவர்கள் திரையையும் செயலியின் வசதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை வாங்கி வருகிறார்கள். பழையதைச் சுவரிலிருந்து கழற்றியதும் உள்ளே சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை என நான்கு வயர்களே இருக்க, புதியதோ ஐந்தாவதாக ஒன்றைக் கேட்கும். எங்கள் வீட்டிலும் நான்கு வயர்கள்தான். அந்த நிலையில் ஈகோபீ3 லைட்டைப் பொருத்தி, கடுங்குளிரிலும் கோடையிலும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். இதை வாங்குவதற்கு நான் சொல்லும் முதல் காரணம், அதே பெட்டியில் வரும், உள்ளங்கைக்குள் அடங்கும், ஐந்தாவது வயர் இல்லாமலே சமாளிக்க உதவும் பவர் எக்ஸ்டெண்டர் கிட் (சுருக்கமாக பெக்) என்ற துணைக்கருவி.

ஈகோபீ டொராண்டோவில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனம். 2021இல் அமெரிக்காவின் ஜெனராக் என்ற ஜெனரேட்டர் நிறுவனம் அதை வாங்கியது. லைட் மாடல் 2016இல் வெளிவந்தது. அதன் பிறகு புதிய மாடல்கள் பல வந்திருந்தாலும், வயரிங் முறை ஏறத்தாழ ஒன்றே என்பதால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் எல்லா மாடல்களின் பெட்டியிலும் அந்தத் துணைக்கருவி இருக்கும் என்று நம்பிவிடாமல், வாங்கும் முன் பெட்டியின் மேலேயே படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது வயர் எதற்கு என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். எரிவாயுவை எரித்து வீட்டுக்குச் சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 24 வோல்ட்டாகக் குறைத்து, ஆர் என்ற வயர் வழியாகச் சுவருக்கு அனுப்புகிறது. தெர்மோஸ்டாட் அந்த ஆரை டபிள்யூவோடு சேர்த்தால் ஃபர்னஸ் எரியும். ஒய்யோடு சேர்த்தால் வெளியே இருக்கும் ஏசியின் கம்ப்ரஸர் ஓடும். ஜியோடு சேர்த்தால் காற்றைத் தள்ளும் விசிறி மட்டும் சுழலும். பழைய பாதரச தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்சாக மட்டுமே வேலை செய்ததால் அதற்கென்று தனியாக மின்சாரம் தேவைப்படவில்லை. பிறகு வந்தவற்றில் பல பேட்டரியில் ஓடின. வைஃபையும் ஒளிரும் திரையும் கொண்ட ஒன்றுக்கோ எந்நேரமும் மின்சாரம் வேண்டும், அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப் போக ஒரு பாதையும் வேண்டும். அந்தத் திரும்பும் பாதைதான் சி வயர். 2011இல் வந்த நெஸ்ட் தெர்மோஸ்டாட், உள்ளே ஒரு பேட்டரியை வைத்து, மற்ற வயர்கள் வழியாகச் சிறிது சிறிதாக மின்சாரம் எடுத்து அதைச் சார்ஜ் செய்துகொள்கிறது. பல வீடுகளில் அது சிக்கலில்லாமல் ஓடுகிறது. சில ஃபர்னஸ்களுக்கு அந்த முறை ஒத்துவருவதில்லை. ஈகோபீயில் பேட்டரியே கிடையாது. ஒன்று சி வயர் இருக்க வேண்டும், அல்லது இந்தத் துணைக்கருவியை ஃபர்னஸுக்குள் பொருத்த வேண்டும். இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. வேலை செய்யும் அல்லது செய்யாது. நடுக்குளிரில் பேட்டரி இறங்கித் தவிக்க வைக்கும் நடுநிலை எதுவும் இதில் இல்லை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சுவரில் இருப்பதைவிட ஃபர்னஸில்தான் அதிகம். பிரேக்கரை அணைத்துவிட்டு, பழைய தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றி, எந்த வயர் எந்த எழுத்துக்குப் போகிறது என்பதைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது, எழுத்துதான் கணக்கு. முன்பு பொருத்தியவர் கையில் கிடைத்த நிறத்தை எந்த எழுத்துக்கும் மாட்டியிருக்கலாம். பிறகு ஃபர்னஸின் கீழ்க்கதவைத் திறந்து, வயர்கள் வந்து சேரும் கன்ட்ரோல் போர்டைப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் கேபிளுக்குள் ஐந்தாவதாக ஒரு நீல வயர் இருக்கும். தேவையில்லை என்று அதை யாரோ பின்னுக்கு மடித்து, கேபிளின் மேலுறையில் சுற்றிவிட்டிருப்பார்கள். சுவர்ப் பக்கத்திலும் அதே வயர் மடிந்து கிடந்தால் வேலை மிக எளிது: போர்டில் சி முனையிலும் சுவரில் சி முனையிலும் அதை மாட்டினால் போதும், துணைக்கருவியைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

எங்கள் கேபிளில் அப்படி எதுவும் இல்லாததால் துணைக்கருவிதான் வழி. சுவரிலிருந்து வரும் நான்கு வயர்களையும் போர்டிலிருந்து விடுவித்து அந்தக் கருவியில் செருக வேண்டும். கருவியிலிருந்து புறப்படும் ஐந்து வயர்களை போர்டின் ஆர், சி, ஜி, ஒய், டபிள்யூ முனைகளில் மாட்ட வேண்டும். இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. போர்டின் ஒய் முனையிலும் சி முனையிலும் வெளியே உள்ள ஏசிக்குப் போகும் வயர்களும் சேர்ந்தே இருக்கும். அவற்றைத் தொடாமல் அங்கேயே விட வேண்டும். ஒரே திருகின் கீழ் இரண்டு செம்பு முனைகள் நெருங்கி இருப்பதால், எது சுவரிலிருந்து வருகிறது, எது வெளியே போகிறது என்பதைக் கேபிளைக் கையால் பிடித்துத் தொடர்ந்து பார்த்த பிறகே கழற்ற வேண்டும். சுவர்ப் பக்கத்தில் சிவப்பு ஆர்சி முனைக்கும், வெள்ளை டபிள்யூ1 முனைக்கும் போகும். பச்சை, ஜி முனைக்குப் போகாமல் சி முனைக்குப் போகும். மஞ்சள், ஒய் முனையை விட்டு, கருவிக்கென்றே உள்ள பெக் முனைக்குப் போகும். முதல் பார்வைக்குத் தவறுபோலத் தோன்றினாலும் இதுவே சரி, ஏனெனில் ஒய், ஜி இரண்டு ஆணைகளையும் ஒரே வயரில் அனுப்பி, ஃபர்னஸ் பக்கத்தில் மீண்டும் பிரித்துத் தருவதுதான் அந்தக் கருவியின் வேலை. ஆர் வயருக்குச் சுவர்க் கருவியில் ஆர்சி, ஆர்எச் என இரண்டு முனைகள் உண்டு; சிவப்பு வயர் ஒன்றே இருந்தால் அது ஆர்எச் முனையில் போகக் கூடாது, ஆர்சியில்தான் போக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

மின்சாரம் திரும்பியதும் திரை ஒளிர்ந்து, எந்தெந்த முனைகளில் வயர் இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்துக் காட்டுகிறது. நாம் மாட்டியதும் அது காட்டுவதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிவது பெரிய வசதி. ஒரு வயர் சரியாகப் பதியாமல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஏசியைச் சோதிக்கும்போது மட்டும் பொறுமை தேவை. கம்ப்ரஸர் ஒருமுறை நின்றால் குறைந்தது 5 நிமிடம் கழித்தே மீண்டும் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். அது கம்ப்ரஸரைக் காக்கும் ஏற்பாடு. அதைப் பழுது என்று எண்ணி வயர்களை மீண்டும் கழற்றுவது வீண்வேலை.

வெப்பநிலை தவறாகக் காட்டுகிறது என்பது இத்தகைய கருவிகள் மீது அடிக்கடி சொல்லப்படும் குறை. எங்கள் வீட்டிலும் முதலில் உண்மையான வெப்பநிலையைவிடக் குறைவாகவே காட்டியது. கேபிள் வெளிவரும் துளை வழியாகச் சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று கருவியின் முதுகில் பட்டதே காரணம். அந்தத் துளையைச் சுவருக்குப் பூசும் புட்டிப் பசையால் அடைத்தவுடன் பெருமளவு சரியாகிவிட்டது. எஞ்சிய சிறு வேறுபாட்டை அமைப்புகளில் உள்ள வெப்பநிலைத் திருத்தத்தில் சரிசெய்துகொண்டேன். துளையை அடைக்காமல் எண்ணை மட்டும் திருத்தினால் காற்று வீசும் நாளில் ஒன்றும் வீசாத நாளில் வேறொன்றும் காட்டும்.

ஜூலையில் ஒரு நாள் திரை முற்றிலும் இருண்டு போனது. கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் பார்க்க வேண்டிய வரிசை இது. பிரேக்கர் விழுந்திருக்கிறதா, ஃபர்னஸின் கதவு சரியாக மூடியிருக்கிறதா, ஏனெனில் கதவு சற்றே விலகினாலும் உள்ளே உள்ள பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடும், போர்டில் உள்ள 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ், அதாவது காரில் இருக்கும் அதே வகை, எரிந்திருக்கிறதா. இவை எல்லாம் சரியாக இருந்தன. மல்டிமீட்டரை மாறுமின்னுக்கு வைத்து போர்டின் ஆருக்கும் சிக்கும் இடையே அளந்தால் 24 முதல் 28 வோல்ட் வரை காட்ட வேண்டும். போர்டில் காட்டியது, சுவரில் காட்டவில்லை. அப்படியானால் இரண்டுக்கும் இடையில்தான் எங்கோ அறுபட்டிருக்கிறது. ஏசியின் கழிவுநீர்த் தட்டில் நீர் நிரம்பினால் மின்சாரத்தை நிறுத்தும் மிதவை சுவிட்ச் ஒன்றை, முன்பு யாரோ ஆர் வயரின் நடுவே மாட்டியிருந்தார்கள். வடிகுழாயில் பாசி அடைத்து, தட்டில் நீர் தேங்கி, மிதவை மேலே எழும்பியிருந்தது. குழாயைச் சுத்தம் செய்ததும் திரை மீண்டும் ஒளிர்ந்தது. கோடையில் மட்டும் தெர்மோஸ்டாட் அணைகிறது என்பவர்கள் முதலில் அந்தத் தட்டைப் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் ஃபர்னஸ் எரியவில்லை என்றால் வேறொரு சோதனை உண்டு. பிரேக்கரை அணைத்து, சுவரில் ஆர், டபிள்யூ இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து, மீண்டும் மின்சாரம் கொடுத்தால் ஃபர்னஸ் எரிய வேண்டும். எரிந்தால் பழுது தெர்மோஸ்டாட்டில். எரியாவிட்டால் வயரிலோ ஃபர்னஸிலோ. ஆனால் துணைக்கருவி பொருத்திய வீட்டில் இந்தச் சோதனையைச் சுவரில் செய்யாமல் போர்டின் முனைகளிலேயே செய்வது நல்லது. எரிவாயுக் குழாய், பர்னர் வரை வேலை போனால் உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனை அழைத்துவிட வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. லைட் மாடலில் ஈரப்பதமூட்டியை, அதாவது ஹியூமிடிஃபையரை, இணைக்கும் முனைகள் இல்லை. கனடாவின் குளிர்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டு உதடு வெடிக்கும் அளவுக்குப் போவதால் பல ஃபர்னஸ்களில் ஹியூமிடிஃபையர் இருக்கும். அதை இதன் வழியாக இயக்க முடியாது, சுவரில் உள்ள தனிக் கட்டுப்பாட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும். அறையில் ஆள் இருப்பதை அறியும் உணரியும் இந்த மாடலில் உள்ளே இல்லை. மாடி அறைகளுக்கான உணரிகளைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். மாடி ஒரு சூடும் கீழ்த்தளம் ஒரு சூடுமாக இருக்கும் வீட்டில், தூங்கும் அறையில் ஓர் உணரியை வைத்து இரவில் அதன் கணக்கில் ஃபர்னஸை ஓட்டுவது தரும் நிம்மதிக்கு அந்தச் செலவு தகும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் செய்துவிட வேண்டும்: அவர்கள் திரையைத் தொட்டு மாற்றும் சூடு, அடுத்த நேர அட்டவணை வரை மட்டுமே நிலைக்கும்படி அமைப்புகளில் மாற்றி வைப்பது. இல்லாவிட்டால் ஒரு மாலையில் குளிருக்காகக் கூட்டியது, மறுபடி யாராவது மாற்றும்வரை அப்படியே இருக்கக்கூடும்.

யார் வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேஸ்மென்ட்களிலும் பழைய அடுக்ககங்களிலும் சுவரடி மின்சூடேற்றிகளை இயக்கும் தெர்மோஸ்டாட்டுக்குள் தடித்த வயர்கள் இருக்கும். அவற்றில் ஓடுவது பெரும்பாலும் 240 வோல்ட். 24 வோல்ட்டுக்கான இந்தக் கருவியை அங்கே மாட்டினால் அது எரிந்துவிடும், உயிருக்கும் ஆபத்து. ஆர், டபிள்யூ என இரண்டே வயர் உள்ள வீட்டில் துணைக்கருவியும் உதவாது. புதிய கேபிள் இழுக்க வேண்டும், அல்லது தனி 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். கோடையில் குளிர்விக்கவும் குளிர்காலத்தில் சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் வாங்கலாம், ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே மாற்றும் வால்வுக்கான ஓ/பி அமைப்பை மறக்காமல் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களின் ஹீட் பம்ப்களில் குளிர்விக்கும்போதும், ரீம் போன்ற சிலவற்றில் சூடாக்கும்போதும் அந்த வால்வு இயங்கும். மாறிவிட்டால் சூடு கேட்கும்போது குளிர்காற்று வரும், வயரிங் மட்டும் சரியாகவே இருக்கும். நான்கு வயரும் கேஸ் ஃபர்னஸும் ஏசியும் உள்ள வீட்டுக்கு, ஹியூமிடிஃபையரைத் தனியே இயக்கிக்கொள்ளத் தயார் என்றால், தயங்காமல் இதை வாங்கலாம். கழற்றிய பழையதுக்குள் கண்ணாடிக் குமிழில் பாதரசம் இருந்தால், அதைக் குப்பையில் போடாமல் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிட வேண்டும்.