தினைக்கதிர்: பயந்த பறவைக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண்

தத்தெடுத்து வந்த காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளி (கடைகளில் ‘காக்டெயில்’ என்று கேட்டால்தான் புரியும்) கூண்டின் பின்மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, கை கிட்டே போனால் கம்பியில் மோதிச் சிறகடிக்கிறது என்றால், பயம் தெளிவித்துக் கைக்குப் பழக்க வாங்கவேண்டிய பொருள் தினைக்கதிர். நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜிக்கும் இதேதான். மதிப்பெண் 5க்கு 4. கண்ணாடி, மணி, தேன் தடவிய குச்சி எதுவும் இந்த வேலையைச் செய்யாது.

காரணம் கதிரின் நீளம். சூரியகாந்தி விதையை ஊட்ட வேண்டுமானால் விரல் அலகுக்கு ஓர் அங்குலத்தில் இருக்கணும். பயந்த பறவைக்கு அது தாங்காது. கதிர் ஏறக்குறைய ஒரு சாண். ஒரு முனை நம் விரலில், மறுமுனை அதன் அலகில். நடுவில் இருக்கும் தூரத்தைப் பறவையின் சம்மதத்தோடு நாளுக்கு நாள் குறைக்கலாம். ருசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: தினைப்புனத்தில் பரண் போட்டு, தட்டை என்ற ஒலிக்கருவியும் கவணும் வைத்துக் கிளி விரட்டிய மண் நம்முடையது.

சென்னையில் கொளத்தூர் பக்கம் வாங்கினாலும் மூர் மார்க்கெட்டில் வாங்கினாலும் பார்க்கவேண்டியவை ஒரே மாதிரிதான். கவரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். மூலையில் மாவு போலத் தூசி இறங்கினால் வண்டு விழுந்த சரக்கு; மணிகளுக்கு நடுவே நூலாம்படை போல இழை ஓடினால் அந்துப்பூச்சி. கவரின் உள்பக்கம் வியர்த்திருந்தால் கையில்கூட எடுக்காதீர்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை மாதிரிக் கடலோர ஈரத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், பூசணம் சீக்கிரம் பிடிக்கும். பூசண நஞ்சு பறவையின் கல்லீரலைத் தாக்கும். கட்டாக வாங்கினால், கட்டின் விலையைக் கதிர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பாதி காம்பாக இருக்கும் கட்டும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் 20 தினைமணியை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். நாலு நாளில் 15க்கு மேல் முளைவிட்டால் நல்ல சரக்கு. மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்கக்கூடாது. சில்லிப்பு முழுக்கப் போன பிறகே திறக்கணும். இல்லாவிட்டால் கதிரின் மேல் தண்ணீர் கோத்து, எதைத் தடுக்க நினைத்தோமோ அதே பூசணம் வரும்.

இனி பழக்கும் முறை. முதல் மூன்று நாள் கதிரே வேண்டாம். கூண்டைச் சுவரோரம் நெஞ்சு உயரத்தில் வைத்து, எதிரே உட்கார்ந்து பேசினால் போதும். விதை மட்டுமே தின்று வளர்ந்த பறவைக்குக் கதிர் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அதனால் ஒரு நாள் மட்டும் மூன்று சென்டிமீட்டர் துண்டைத் தீனிக் கிண்ணத்தின் அருகே கட்டிவிடுங்கள். கொத்திய தடம் தெரிந்தால் எடுத்துவிடலாம். அதன் பிறகு கதிர் கையிலிருந்து மட்டும்தான் வரணும். இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாசத்தில் கூண்டுக்குள் கதிரைத் தொங்கவிட்டால், எந்நேரமும் கிடைக்கிற பொருளுக்காகப் பறவை ஏன் பயத்தை விட்டு வரும்?

காலையில் கிண்ணத்தை வைப்பதற்குச் சற்று முன், பக்கவாட்டில் உட்கார்ந்து, நேராக முறைக்காமல், கம்பிக்கு வெளியிலிருந்து நுனியை மட்டும் நீட்டுங்கள். இரண்டு நிமிடம். வராவிட்டால் கதிரை மெல்ல எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். பட்டினி போட்டு வரவழைக்கக் கூடாது. மாலையில் இன்னொரு முறை. தொடர்ந்து மூன்று முறை தயங்காமல் தின்றால் விரலை இரண்டு சென்டிமீட்டர் முன்னே நகர்த்துங்கள். கொண்டை தலையோடு படிந்து சீறினால் வந்த தூரத்தில் பாதி பின்வாங்குங்கள். கம்பி வழியாகப் பழகிய பின், கதவைத் திறந்து நீட்டுங்கள். அதுவும் பழகிய பின், விரலைக் குறுக்கே வைத்து அதற்கு அப்பால் கதிர். ஒரு காலைத் தூக்கி விரலில் வைத்துக் கழுத்தை நீட்டும். மறுகால் குச்சியிலேயே இருக்கும். அந்த நேரத்தில் கையை உயர்த்தக் கூடாது. தின்னும்போது பிடிப்பது, நெஞ்சில் விரலால் அழுத்துவது இரண்டும் வாரக்கணக்கான உழைப்பை அழித்துவிடும்.

பறவை நம்புகிறதா என்பதை உமி காட்டிக்கொடுக்கும். மணியை அலகில் வாங்கி, நாக்கால் உருட்டி, பருப்பை உள்ளே தள்ளி உமியை விடும். பயம் இருந்தால் ஒரு மணியைப் பறித்துக்கொண்டு ஓடும். உமி பின்மூலையில் விழும். நின்று தின்றால் உமி நம் விரல்மேலேயே ஒட்டும். கிண்ணத்தையும் ஊதிப் பாருங்கள்: நிறைந்திருப்பது போலத் தெரிவது வெறும் உமியாக இருக்கும், பறவை பசியோடு கிடக்கும்.

இரவில் சாவு மேளமோ வெடியோ, மணலி சாலைக் கன்டெய்னர் லாரியின் ஹாரனோ கேட்டால் காக்கட்டீல் இருட்டில் மிரண்டு கம்பியில் மோதும். கூண்டை மூன்று பக்கம் துணியால் மூடி, ஜீரோ வாட் பல்பு ஒன்று எரியட்டும். அப்படி மிரண்ட மறுநாள் பயிற்சி வேண்டாம்.

ஒரு மதிப்பெண் குறைத்தது, தரம் கட்டுக்குக் கட்டு மாறுவதாலும், இதையே உணவாகப் போடச் சொல்லி விற்பதாலும். நாளுக்கு ஐந்து சென்டிமீட்டர் துண்டு போதும். தினையில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம்; முருங்கைக்கீரையும் கேரட் துருவலும் தனியே வேணும். நல்ல கதிர் கிடைக்காத வாரத்தில், உமியோடு கூடிய தினையை நீளக் காம்புள்ள மரக்கரண்டியில் வைத்து நீட்டலாம். சமையலுக்கு விற்கும் தீட்டிய தினை அரிசியில் உரிக்க ஒன்றும் இல்லை, பறவைக்கு அந்த ஈர்ப்பு இருக்காது.

பகல் முழுக்க இறகை உப்பிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால், அல்லது 90 கிராம் பறவை 80க்கு இறங்கினால், அது பயம் இல்லை, நோய். அன்றைக்குக் கதிர் வாங்கப் போகாமல் நேரே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.