சட்டவிரோதக் குடியேறியா, ஆவணமற்றவரா?

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களை அமிர்தசரஸில் இறக்கிவிட்டது. கைவிலங்கோடு வந்தவர்களுக்குத் தமிழ்ச் செய்திகளில் பரவலாகக் கிடைத்த பெயர் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. இன்னொரு பக்கம் ‘ஆவணமற்ற குடியேறிகள்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

முதல் சொல் யாருக்கும் சட்டென்று புரியும். ஆனால் அமெரிக்கச் சட்டப்படியே அது சரியில்லை. சோதனைச் சாவடிக்குத் தப்பி எல்லையைக் கடப்பது குற்றம். முதல் தடவைக்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை. முறையாக விசா வாங்கி வந்து, கெடு முடிந்த பிறகும் தங்கிவிடுவது குடியேற்ற விதிமீறல். நாடுகடத்தலாம், ஆனால் அந்தத் தங்கல் மட்டுமே குற்றவழக்கு ஆகாது. அரிசோனா மாநிலத்தின் குடியேற்றச் சட்டம் பற்றிய வழக்கில் 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பொதுவிதியாக இதையே சொன்னது. இருவரையும் ஒரே பெயரில் அடைப்பது தகவல் பிழை. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று சொல்லும் தன் நடைக் கையேட்டை 2013 ஏப்ரலில் திருத்தியது: ‘சட்டவிரோதம்’ என்பது செயலுக்கு மட்டும், ஆளுக்கு அல்ல.

பட்டம் ஆளோடு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? இலங்கையில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழரை, திருட்டுத்தனமாகத் தோணியில் வந்தவர்கள் என்ற பொருளில் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். தோணியே ஏறாமல், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து கொழுந்து பறித்தவர்களும் அந்தப் பெயரைச் சுமந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் பறித்தது.

‘ஆவணமற்றவர்’ என்ற சொல்லில் இழிவு இல்லை. அனுமதியின்றி அமெரிக்காவில் வாழும் தன் நிலையை 2011-இல் தானே எழுதி வெளிப்படுத்திய செய்தியாளர் ஹோசே அன்டோனியோ வர்காஸ் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொண்டார். ஆனாலும் பாஸ்போர்ட், வரி எண், வாடகை ரசீது என்று பை நிறையக் காகிதம் வைத்திருப்பவரை ஆவணமற்றவர் என்பது பொருந்தவில்லை. இல்லாதது தங்குவதற்கான அனுமதி மட்டும். அசோசியேட்டட் பிரஸ் இந்தச் சொல்லையும் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் இரண்டாவதை எடுப்பேன். ஆனால் தமிழில் எழுதும் நமக்கு அந்தக் கட்டாயமே இல்லை. ‘விசா முடிந்தும் தங்கியவர்’, ‘அனுமதியின்றி எல்லை கடந்தவர்’ என்று வினையிலிருந்தே பெயர் பிறக்கும் மொழி இது. யார் என்ன செய்தார் என்பது அதிலேயே வந்துவிடும். கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்ட பிள்ளையின் மேல் பெற்றோரின் செயல் ஏறாது.

இடம் போதாது என்பார்கள். ‘104 இந்தியரைத் திருப்பி அனுப்பியது அமெரிக்கா’ என்பது தலைப்புக்குப் போதும். எப்படிப் போனார்கள் என்பதை உள்ளே, உறுதியாகத் தெரிந்த அளவுக்கு எழுதலாம்.