ஒருநாள் கருத்தரங்கா, தவணை முழுதும் பாடவேளையா?

மட்டக்களப்பில் ஒரு பாடசாலைக்குப் போதைப்பொருள் தடுப்புக்கென நிதி கிடைத்தால், அது பெரும்பாலும் ஒருநாள் விழிப்புணர்வுக் கருத்தரங்காகவே செலவாகிவிடுகிறது. பதாகை, ஒலிபெருக்கி வாடகை, வளவாளர் கொடுப்பனவு, மாணவருக்கு ஒரு ரோல்ஸும் குளிர்பானமும் போக, மறுநாள் மண்டபத்தில் எஞ்சுவது பதாகை கட்டிய கயிறு மட்டுமே. கணக்கு முடிப்பவருக்கு இதில் வசதி உண்டு. பற்றுச்சீட்டும் புகைப்படமும் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும்.

மற்றைய வழி, அதே பணத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதாகும். ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் 2013இல் வெளியிட்டு 2018இல் புதுப்பித்த தடுப்பு நியமங்கள், பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒன்றாக 10 முதல் 15 அமர்வுகள் வரை நடத்தும் வாழ்க்கைத் திறன் பாடங்களையே பரிந்துரைக்கின்றன. அச்சமூட்டுவதும் தகவலை மட்டும் கொட்டுவதும் பயன் தருவதில்லை என்கின்றன. மாலை விளையாட்டு முடிந்து திரும்பும்போது கூட்டாளி நீட்டும் ‘ஐஸ்’ என்ற போதைப்பொருளை, நட்பு முறியாமல் மறுக்கும் சொல், வகுப்பில் பலமுறை நடித்துப் பழகாமல் வாயில் வராது.

வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பாடசாலைகளுக்கு வளவாளரை அழைத்துச் செல்லும் வாகனச் செலவே நிதியில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அங்கேயே கற்பிக்கும் ஆசிரியருக்கு அச்செலவு இல்லை. இடமாற்றம் வந்தால் பயிற்சியும் அவரோடு போய்விடும் என்ற குறை மெய்யானதே. ஆகையால் பாடசாலைக்கு இருவரையேனும் பயிற்றுவிக்கும் அளவுக்கு நிதியைக் கேட்டு, கருத்தரங்கை முற்றாகக் கைவிடுவதையே நான் தெரிவுசெய்வேன்.