தாராவியில் டிபி சிகிச்சை: மருந்தில் குறையில்லை, ஊருக்குப் போனால்தான் சிக்கல்

மும்பை மாநகராட்சியின் இலவச டிபி சிகிச்சையைப் பற்றித் தாராவித் தமிழர்களிடம் இரண்டு பேச்சு உண்டு. 'கவர்மெண்ட் மாத்திரை கேட்காது' என்பது ஒன்று. 'பணம் தர்றாங்களாம், வந்தபாடில்லை' என்பது இன்னொன்று. முதலாவது தப்பு, இரண்டாவது பாதி சரி.

சோதனைக்கு முழு மதிப்பெண் தரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் காய்ச்சல், எடை குறைவு என்றால் பக்கத்து ஹெல்த் போஸ்டிலோ (மாநகராட்சியின் சிறு சுகாதார நிலையம்), சோட்டா சயான் என்று சொல்லும் தாராவி மாநகராட்சி மருத்துவமனையிலோ சொன்னால் போதும், சளி டப்பா தருவார்கள். அங்கேயே ஒன்று, மறுநாள் விடிந்ததும் ஒன்று என்று இரண்டு மாதிரி. பலருக்குக் கோளாறு இங்கேதான்: எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வாங்கிப் போகிறார்கள். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். 2 மில்லியாவது வேண்டும். பத்துக்குப் பத்து கோலிக்குள் (ஒற்றை அறை வீட்டுக்குள்) இதைச் செய்யாதீர்கள், மொட்டை மாடிக்கோ திறந்த வெளிக்கோ போங்கள். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சீபிநாட் (CBNAAT) இயந்திரம் சுமார் 2 மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது மசியுமா என்பதையும் சொல்லிவிடும். மைக்ராஸ்கோப்பை மட்டும் நம்பியிருந்த காலத்தில் இந்த இரண்டாவது பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சாதாரண டிபிக்கு 6 மாதம் தினசரி மாத்திரை: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோ வரை 3 மாத்திரை, 50 முதல் 64 வரை 4. அதனால் சிகிச்சை கார்டில் எழுதும் எடையைக் கேட்டு எழுதாமல், தராசில் நிறுத்தித்தான் எழுதச் சொல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால், பயப்பட ஒன்றுமில்லை. கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பார்வை மங்குவது, சிவப்பு பச்சை பிரித்துத் தெரியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

மருந்துக்கு மசியாத டிபியில்தான் உண்மையான முன்னேற்றம். ஒன்றரை வருஷத்துக்கு மேல் இழுத்த சிகிச்சைக்குப் பதில், பெடாகுயிலின், பிரெடோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்ந்த 6 மாதச் சிகிச்சைக்கு மத்திய அரசு 2024-ல் ஒப்புதல் தந்தது. லினசோலிட் ரத்த அணுக்களைக் குறைக்கும், கால்களை மரத்துப்போகச் செய்யும். பெடாகுயிலின் இதயத் துடிப்பின் தாளத்தைத் தொடும். ரத்தப் பரிசோதனையையும் ஈசிஜியையும் தள்ளிப்போடாதவர்களுக்குத்தான் இது பாதுகாப்பு. மருந்து கையிருப்பும் எப்போதும் ஒரே சீராக இருந்ததில்லை. 2024 தொடக்கத்தில் நாடு முழுக்கவே சாதாரண டிபி மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தது.

ஊழியர்கள் பக்கம் வருவோம். 2020-ல் கொரோனாவைத் தாராவி அடக்கியதை அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே எடுத்துச் சொன்னார். வீடு வீடாகப் போய் விசாரிப்பது, தொடர்பில் இருந்தவரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் டிபி வேலையின் அன்றாடப் பாடம். அந்த வேலையைச் சுமக்கும் ஆரோக்ய சேவிகாக்கள் (வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தொண்டர்கள்) மதிப்பூதியத்தில்தான் ஓடுகிறார்கள் என்பது பாராட்டு விழாக்களில் யாரும் சொல்லாத விஷயம்.

இனி ஊர் சமாச்சாரம். கோயில் கொடை, கல்யாணம், பொங்கல் என்று திருநெல்வேலி வண்டி ஏறும்போதுதான் மாத்திரை நிற்கிறது. பத்து நாள் பயணம் என்றால் அந்த நாட்களுக்கான மாத்திரையைக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தங்குவதானால் நிக்ஷய் எண்ணை (அரசின் டிபி பதிவேட்டில் உங்களுக்குத் தரும் எண்) வைத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். ரயில் ஏறும் அன்று கேட்டால் நடக்காது. கார்டு, நிக்ஷய் எண், சோதனை ரிப்போர்ட் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஒரு மாதம் மாத்திரை விட்டுப்போனால் பதிவேட்டில் 'சிகிச்சையை விட்டவர்' ஆகிவிடுவீர்கள். மறுபடி சளி கொடுத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஊருக்குப் போனால் ஒரு லாபமும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்தவுடனே மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, உடல் எடைக் குறியீடு, கால் வீக்கம், தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, ஆபத்தில் இருப்பவரைப் பிரித்து வார்டில் சேர்க்கிறார்கள். மும்பையில் யாராவது செய்வார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே இருந்தாலோ, நிமிஷத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ மாத்திரையோடு வீட்டுக்கு வரக் கூடாது.

பணத்துக்கு பாஸ் மார்க்தான். சத்துணவுக்கான உதவி 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ஆனது. 6 மாதச் சிகிச்சைக்கு 3000 வீதம் இரண்டு தவணை. வராததற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கில்தான்: ஆதார் இணைக்காதது, வருஷக்கணக்கில் தொடாமல் முடங்கிப்போனது, வங்கி வேறொரு வங்கியோடு சேர்ந்த பிறகு மாறிய ஐஎஃப்எஸ்சி எண்ணைத் திருத்தாதது. பாஸ்புக்கில் புதிதாக என்ட்ரி போட்டு அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுங்கள், பழைய நகல் வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் டிபி என்றால் மற்ற எல்லோரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை முதலில். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்தும் இலவசம்தான். வாரம் ஒரு வேளை, 12 வாரத்தில் முடியும் வகையும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.